காற்றுப் புகாத கலம்

நுழையும்முன்

விளைந்த காலத்தில் மிகுதியாகக் கிடைப்பதை விளையாத காலத்திற்கு எடுத்துவைப்பது மனிதரின் பழைய கவலைகளுள் ஒன்று. வற்றலும் வடகமும் ஊறுகாயும் கருவாடும் அக்கவலையிலிருந்து பிறந்தவையே. ஆனால், வெயிலில் உலர்த்தாமல், உப்பில் ஊறவைக்காமல், சமைத்த உணவைச் சமைத்த நிலையிலேயே ஆண்டுக்கணக்கில் காக்க இயலும் என்பது ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்புதான் தெரியவந்தது. அதற்குத் துணைநின்ற தகரக் கலத்தின் வரலாற்றையும், அக்கலம் நம் வீடுகளுக்குள் வந்த வழியையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

1938ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு பழைய தகர டப்பாவை ஆய்வாளர்கள் திறந்தனர். அதனுள் இருந்தது கன்றின் இறைச்சி. வட அமெரிக்காவுக்கு வடக்கே பனிக்கடலில் வழி தேடிச் சென்ற எட்வர்டு பாரியின் கப்பலில் 1824இல் ஏற்றப்பட்ட டப்பா அது. பயணத்தில் எவரும் அதனைத் திறக்கவில்லை. ஊர் திரும்பிய பின் அது காட்சிப்பொருளாக நூற்றாண்டைக் கடந்தது. திறந்து பார்த்தபோது இறைச்சி அழுகியிருக்கவில்லை. அதனைப் பூனைக்கும் எலிகளுக்கும் உண்ணக் கொடுத்தனர். அவற்றுக்கு எத்தீங்கும் நேரவில்லை.

காலையில் வடித்த சோறு மறுநாள் புளித்துவிடுகிறது. அவ்வாறிருக்க, 114 ஆண்டுகள் ஓர் இறைச்சித் துண்டு கெடாமல் இருந்தது எங்ஙனம்? அந்த டப்பாவை அடைத்தவர்களுக்கும் இக்கேள்விக்கு விடை தெரியாது. செய்யத் தெரிந்திருந்தது, செய்தது ஏன் பலித்தது என்பது தெரியாதிருந்தது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அரை நூற்றாண்டில் பல உயிர்கள் போயின என்பதே இவ்வரலாற்றின் துயரம்.

மிட்டாய்க்காரர் கண்ட வழி

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சு ஓயாமல் போரிட்டுக்கொண்டிருந்தது. நெடுந்தொலைவு செல்லும் படைக்கும், மாதக்கணக்கில் கடலிலேயே இருக்கும் கப்பலுக்கும் உணவு அனுப்புவது பெரும் சிக்கலாக இருந்தது. உப்பிட்ட இறைச்சியையும் காய்ந்த ரொட்டியையும் மட்டுமே உண்ட மாலுமிகள் ஈறு வீங்கிக் குருதி கசியும் 'ஸ்கர்வி' நோயால் மடிந்தனர். பகைவரின் குண்டுக்குப் பலியானவர்களைவிட நோய்க்குப் பலியான மாலுமிகளே அக்காலத்தில் மிகுதி.

நிக்கோலா அப்பேர் பாரிசு நகரில் மிட்டாய்க் கடை நடத்தியவர். கல்லூரியில் வேதியியல் பயின்றவர் அல்லர். சர்க்கரைப் பாகில் இட்ட பழம் கெடாதிருப்பதை நாள்தோறும் கண்டவர், பாகு இல்லாமலும் அதனைச் செய்ய இயலுமா என்று ஆராயத் தொடங்கினார். வாய் அகன்ற தடித்த கண்ணாடிப் புட்டியில் பட்டாணியையோ குழம்பையோ இட்டு, தக்கையால் இறுக அடைத்து, தக்கையைக் கம்பியால் கட்டி, புட்டியைக் கொதிநீரில் நெடுநேரம் வைத்தார். எந்தப் பொருளுக்கு எவ்வளவு நேரம் என்பதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தே அறிந்தார். இவ்வாறு ஏறத்தாழ 15 ஆண்டுகள் கழிந்தன. பிரெஞ்சுக் கடற்படை அவருடைய புட்டிகளைக் கப்பலில் கொண்டுசென்று சோதித்தது. மாதங்கள் கடந்தும் உள்ளிருந்த காய்கள் கெடவில்லை.

1810ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 பிராங்கு பரிசளித்தது. ஒரு நிபந்தனை: தாம் கண்ட முறையை நூலாக எழுதி யாவரும் அறிய வெளியிட வேண்டும். காப்புரிமை பெற்றுச் செல்வம் ஈட்டியிருக்கலாம். அப்பேர் நூல் எழுதுவதையே ஏற்றார். நூல் விரைவிலேயே பிறமொழிகளில் பெயர்க்கப்பட்டது. மாசி என்னும் ஊரில் அவர் அமைத்திருந்த தொழிற்சாலை 1814இல் படையெடுத்து வந்த அயல்நாட்டு வீரர்களால் பாழானது. 1841இல், 91ஆம் வயதில், வறுமையில் இறந்த அவரைப் பொதுப் புதைகுழியில் அடக்கம் செய்தனர். உலகின் அடுக்களைகளை மாற்றிய ஒருவருக்குக் கிடைத்த ஈற்றிடம் அது.

காற்றே உணவைக் கெடுக்கிறது. காற்றை வெளியேற்றி அடைத்துவிட்டால் உணவு கெடாது என்பது அக்கால அறிஞர்களின் விளக்கம். அது பிழையான விளக்கம். ஆயினும், பிழையான விளக்கத்தோடு செய்த செயல் சரியாகவே பலித்தது.

கண்ணாடியிலிருந்து தகரத்திற்கு

கண்ணாடி கனமானது; உருளும் கப்பலில் எளிதில் உடையும். அப்பேர் பரிசு பெற்ற அதே 1810ஆம் ஆண்டில் பீட்டர் டியூரண்டு என்னும் இலண்டன் வணிகர், கண்ணாடிக்கு மாற்றாகத் தகரம் முதலிய கலங்களையும் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அயல்நாட்டு நண்பர் ஒருவர் கூறிய கருத்து அது என்று அவரே விண்ணப்பத்தில் குறிப்பிட்டார். அவ்வுரிமையை விலைக்கு வாங்கிய பிரையன் டாங்கின் என்னும் பொறியாளர், கூட்டாளிகளோடு சேர்ந்து இலண்டனின் பெர்மண்ட்சி பகுதியில் ஒரு தொழிற்சாலையை நிறுவி, 1813 முதல் தகரத்தில் அடைத்த இறைச்சியைக் கடற்படைக்கு விற்றார்.

அன்றைய டப்பா முழுதும் கைவேலை. தகரத் தகட்டை வெட்டி உருளையாக வளைத்து, ஓரங்களைப் பற்றாசு உருக்கி ஒட்டுவர். அடித்தட்டையும் மேல்தட்டையும் அவ்வாறே ஒட்டுவர். மேல்தட்டில் ஒரு சிறு துளை இருக்கும். டப்பாவைச் சூடாக்கும்போது ஆவி அத்துளை வழியே வெளியேறும். பின்னர்த் துளையின்மீது ஒரு சொட்டுப் பற்றாசு விழும். அத்துடன் டப்பா மூடிவிடும். அடைத்தவற்றைச் சூடான அறையில் பல நாள் வைத்துப் பார்த்து, உப்பியவற்றை டாங்கினின் தொழிற்சாலை ஒதுக்கியது. உப்புவதற்குக் காரணம் தெரியாமலேயே கடைப்பிடித்த எச்சரிக்கை அது.

திறப்பதுதான் பெரும்பாடு. உளியும் சுத்தியலும் கொண்டு மேல்விளிம்பைச் சுற்றி வெட்டுமாறு டப்பாவின் மீதே எழுதியிருந்தனர். போர்முனையில் வீரர்கள் துப்பாக்கிமுனைக் கத்தியால் குத்தித் திறந்தனர். டப்பாவைத் திறப்பதற்கென்றே ஒரு கருவி 1850களில்தான் வந்தது! பூட்டு வந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பின் சாவி வந்தது போலத்தான்.

ஒரு பெயர், இரு உலோகங்கள்

'தகர டப்பா' என்று நாம் சொன்னாலும் அதில் பெரும்பகுதி இரும்பே. மெல்லிய எஃகுத் தகட்டின் இருபுறமும் வெள்ளீயத்தை மிக மெல்லிய படலமாகப் பூசுவர். இரும்பு வலிமையானது, மலிவானது, ஆனால் துருப்பிடிக்கும். வெள்ளீயம் துருப்பிடிக்காது, ஆனால் மென்மையானது, விலை மிகுந்தது. ஒன்றன் குறையை மற்றொன்று மறைக்கிறது.

இந்நுட்பம் நம் அடுக்களைக்குப் புதிதன்று. பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பை வைத்தால் களிம்பேறும். அதனைத் தடுக்கப் பாத்திரத்தின் உட்புறத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, வெள்ளீயத்தைத் துணியால் தேய்த்துப் படியவைப்பர். ஈயம் பூசுவோர் தெருத்தெருவாகக் குரல் கொடுத்து வந்த காலம் மிகத் தொலைவில் இல்லை. ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் வெள்ளீயத்தால் ஆனதே.

தமிழில் 'ஈயம்' என்னும் சொல் இரு உலோகங்களைக் குறிக்கிறது. வெள்ளீயம் உணவுக்குத் தீங்கற்றது. காரீயமோ நஞ்சு, சிறிது சிறிதாக உடலில் சேர்ந்து நரம்பையும் மூளையையும் தாக்கும். இரண்டையும் கலந்து உருக்கினால் எளிதில் உருகும் பற்றாசு கிடைக்கும். பழைய டப்பாக்களின் மூட்டுகளை ஒட்டியது அந்தக் கலவைதான். டப்பாவின் உட்புறம் உணவைக் காக்கும் ஈயம். மூட்டில் உணவைக் கெடுக்கும் ஈயம். ஈயச்சொம்பு வாங்கும்போது அது தூய வெள்ளீயம்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்.

தெரிந்து தெளிவோம்
டப்பாவின் வெளிப்புறத்தில் கீறல் விழுந்தால், ஈரக்காற்று படும் அவ்விடத்தில் இரும்பு முன்னிலும் விரைவாகத் துருப்பிடிக்கும். உட்புறத்திலோ நிலை வேறு. ஆக்சிஜன் இல்லாத அவ்விடத்தில், பழச்சாறு போன்ற புளிப்புப் பொருள்களோடு சேரும்போது, வெள்ளீயமே முதலில் சிறிது சிறிதாகக் கரைந்து இரும்பைக் காக்கிறது. திறந்த டப்பாவிலேயே மிச்ச உணவை விட்டுவைக்கக் கூடாது என்பது இதனால்தான். காற்றுப் புகுந்தபின் உலோகம் கரைவது விரைவாகிறது.

பனிக்கடலில் மறைந்த 129 பேர்

1845ஆம் ஆண்டு மே மாதம் ஜான் பிராங்கிளின் தலைமையில் எரிபஸ், டெரர் என்னும் இரு கப்பல்கள் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டன. அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து பனிக்கடல் வழியே பசிபிக் பெருங்கடலை அடையும் பாதையைக் கண்டறிவதே நோக்கம். மூன்றாண்டுகளுக்குப் போதுமான உணவு ஏற்றப்பட்டிருந்தது. அவற்றுள் ஏறத்தாழ 8,000 தகர டப்பாக்கள் இருந்தன. குறைந்த விலை கூறி அந்த ஒப்பந்தத்தைப் பெற்றவர் ஸ்டீபன் கோல்ட்னர். கப்பல்கள் புறப்பட ஒரு சில வாரங்களே இருந்த நிலையில் டப்பாக்கள் அவசர அவசரமாக அடைக்கப்பட்டன.

கப்பல்களில் இறுதிவரை சென்ற 129 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. பனியில் சிக்கிய கப்பல்களைக் கைவிட்டு நடந்தவர்கள் வழியிலேயே வீழ்ந்தனர். பீச்சித் தீவில் முதல் குளிர்காலத்திலேயே மூவர் அடக்கம் செய்யப்பட்டிருந்தனர். உறைந்த மண்ணில் உருக்குலையாமல் கிடந்த அவர்களது உடல்களை 1984இலும் 1986இலும் ஓவன் பீட்டி என்னும் கனடிய ஆய்வாளர் தோண்டியெடுத்து ஆராய்ந்தார். உடல்களில் காரீயத்தின் அளவு மிகுந்திருந்தது. அருகில் கிடந்த டப்பாக்களின் மூட்டுகளில் பற்றாசு உட்புறமாக ஒழுகிக் கட்டி கட்டியாக நின்றிருந்தது. டப்பாவின் ஈயமே அவர்களைக் கொன்றது என்னும் முடிவு அன்று உலகெங்கும் பரவியது.

அம்முடிவை இன்று அவ்வளவு உறுதியாகக் கூற இயலாது. அக்காலத்தில் குடிநீர்க் குழாயிலும் வண்ணப்பூச்சிலும் காரீயம் இருந்தது. கப்பல் ஏறுவதற்கு முன்பே அவர்கள் உடலில் அது சேர்ந்திருக்கலாம் எனப் பின்வந்த ஆய்வுகள் கூறுகின்றன. பசி, குளிர், நோய் ஆகியவற்றுக்கும் அச்சாவுகளில் பங்குண்டு. எரிபஸ் 2014இலும் டெரர் 2016இலும் கடலடியில் கண்டறியப்பட்டன. ஓர் அறிவியல் முடிவு எவ்வாறு எழுகிறது, எவ்வாறு திருத்தப்படுகிறது என்பதற்கு இந்நிகழ்ச்சியைவிட நல்ல பாடம் அரிது.

கோல்ட்னரின் டப்பாக்களில் வேறொரு குறையும் இருந்தது. அதில் ஐயத்திற்கே இடமில்லை. 1852இல் இங்கிலாந்துக் கடற்படைக் கிடங்கில் அவர் அளித்த டப்பாக்களைத் திறந்து பார்த்தபோது பெரும்பாலானவற்றில் இறைச்சி அழுகி நாறியது. விலையைக் குறைக்க அவர் டப்பாவின் அளவைப் பெரிதாக்கியிருந்தார். பெரிய டப்பாவைச் சிறிய டப்பாவுக்குரிய நேரமே கொதிக்கவைத்தால் ஓரம் வெந்துவிடும், நடுப்பகுதி வேகாது. பெரிய பானைச் சோற்றில் மேற்பருக்கை பதமாயிருக்க நடுப்பருக்கை வேகாதிருப்பதைக் கண்டவர்களுக்கு இது விளங்கும்.

காரணம் வெளிப்பட்டது

உணவைக் கெடுப்பது காற்றன்று, அதில் மிதந்துவரும் நுண்ணுயிரிகள் என்பதை 1860களில் லூயி பாஸ்டர் நிறுவினார். அப்பேரின் கொதிநீர் காற்றை வெளியேற்றியதால் பலிக்கவில்லை. நுண்ணுயிரிகளைக் கொன்றதால் பலித்தது. அடைப்பு மீண்டும் அவை புகாமல் தடுத்தது. இரண்டில் ஒன்று குறைந்தாலும் பயனில்லை.

ஆயினும் ஒரு புதிர் எஞ்சியது. நெடுநேரம் கொதித்த டப்பாக்களும் சிலபோது உப்பின. 1895ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவின் மாசசூசெட்சு தொழில்நுட்ப நிறுவனத்தில் சாமுவேல் பிரெஸ்காட், வில்லியம் அண்டர்வுட் ஆகிய இருவரும் சிப்பி இறைச்சி டப்பாக்களைக் கொண்டு அதனை ஆராய்ந்தனர். சில நுண்ணுயிரிகள் தகாத சூழலில் தடித்த உறைகொண்ட வித்துகளாக மாறிவிடுகின்றன. நீர் கொதிக்கும் 100 பாகை வெப்பத்தையும் அவை தாங்குகின்றன என்பது தெளிவாயிற்று. அவற்றுள் கொடியது 'கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம்'. அது காற்றில்லாத இடத்தில்தான் செழிக்கும். காற்றுப் புகாத டப்பா அதற்குக் கட்டிக்கொடுத்த வீடு போன்றது. அது சுரக்கும் நஞ்சு மனிதர் அறிந்த நஞ்சுகளுள் மிகக் கொடியவற்றில் ஒன்று.

எனவே, டப்பாக்களை அழுத்தக் கலத்தில் இட்டு 121 பாகை செல்சியசு வெப்பத்திற்கு உயர்த்துகின்றனர். டப்பாவின் நடுப்பகுதி, அதாவது மிக மெதுவாகச் சூடேறும் இடம், அவ்வெப்பத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடம் நிற்க வேண்டும் என்பது இன்றும் அடிப்படைக் கணக்கு. நம் வீட்டுக் குக்கரும் இதே நெறியில் இயங்குவதே. புளிப்பு மிகுந்த பொருளில் அவ்வித்துகள் முளைப்பதில்லை. அதனால் அன்னாசிக்கும் மாம்பழச் சாற்றுக்கும் 100 பாகை வெப்பமே போதும். மீனுக்கும் பாலுக்கும் பட்டாணிக்கும் போதாது.

உப்பிய டப்பாவை எந்தக் கடைக்காரர் எவ்வளவு குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. உள்ளே உயிரோடிருக்கும் நுண்ணுயிரிகள் வெளியிட்ட வளியே தகட்டை வெளித்தள்ளுகிறது. சிறிது சுவைத்துப் பார்க்கலாம் என்பதும் தவறு. இந்நஞ்சுக்கு அந்தச் சிறிதே போதும். மூட்டின்மீது ஆழமாக நசுங்கிய டப்பாவையும், துரு உட்புகுந்த டப்பாவையும் அவ்வாறே ஒதுக்க வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூடியின் விளிம்பையும் உடலின் விளிம்பையும் ஒன்றோடொன்று மடித்து இருமுறை சுருட்டி அழுத்தும் முறை வந்தது. மூடிக்குப் பற்றாசு வேண்டாதாயிற்று. பக்கவாட்டு மூட்டில் மட்டும் அது நெடுங்காலம் நீடித்தது. அமெரிக்கா 1995இல்தான் காரீயப் பற்றாசிட்ட உணவு டப்பாக்களை முற்றிலும் தடை செய்தது. குளிர்பானங்களுக்கு அலுமினியக் குவளை வந்தது 1960களில். பழைய அலுமினியத்தை உருக்கி மீண்டும் பயன்படுத்த, தாதுவிலிருந்து எடுக்கத் தேவையான ஆற்றலில் ஏறத்தாழ 5 விழுக்காடே போதும்.

எண்ணெயைவிட டின் பெரிது

தகரக் கலம் நம் நாட்டின் எளிய வீடுகளுக்குள் வந்தது உணவை ஏந்தியன்று, மண்ணெண்ணெயை ஏந்தியே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க மண்ணெண்ணெய் ஆசிய நாடுகளுக்குச் சதுர டின்களில் வந்தது. ஒரு டின்னுக்கு நான்கு காலன், அதாவது ஏறத்தாழ 18 லிட்டர். ஒரு மரப்பெட்டிக்கு இரண்டு டின். மார்க்கஸ் சாமுவேல் என்னும் இலண்டன் வணிகர், டின்னுக்கும் பெட்டிக்கும் ஆகும் செலவை மிச்சப்படுத்த எண்ணினார். 1892இல் அவருடைய 'மியூரெக்ஸ்' கப்பல் எண்ணெயைத் தொட்டியிலேயே நிரப்பிக்கொண்டு சூயசு கால்வாய் வழியே ஆசியாவுக்கு வந்தது. மக்கள் தம் பாத்திரங்களில் எண்ணெய் வாங்கிச் செல்வர் என்பது அவரது கணக்கு.

கணக்குப் பொய்த்தது. எண்ணெய் மலிவாக இருந்தும் விற்கவில்லை. மக்களுக்கு எண்ணெயோடு டின்னும் வேண்டியிருந்தது! காலியான டின் கூரைத் தகடாயிற்று, தண்ணீர் முகக்கும் கலமாயிற்று, விளக்காயிற்று. எண்ணெய் எரிந்து தீர்ந்துவிடும், டின் நிற்கும். இதனை உணர்ந்த சாமுவேல் தகரத் தகடுகளை ஆசியாவுக்குக் கப்பலில் அனுப்பி, இங்கேயே பளிச்சென்ற சிவப்பு டின்களைச் செய்வித்தார். அதன்பின் விற்பனை பெருகியது. அவர் நிறுவிய வணிகமே பின்னாளில் 'ஷெல்' எனப் பெயர் பெற்றது. மக்கள் எதனை மதிக்கின்றனர் என்பதை விற்பவரைவிட வாங்குபவரே அறிவர்போலும்.

சதுர டின்னின் மேல்தட்டை வெட்டியெடுத்து, குறுக்கே ஒரு மரச்சட்டத்தை அறைந்தால் வாளி. காவடித் தண்டின் இரு முனைகளிலும் இரண்டு டின்களைத் தொங்கவிட்டுத் தண்ணீர் சுமந்தனர். மூடியிட்டால் அரிசிக்கும் பருப்புக்கும் எலி புகாப் பெட்டி. தகடாகப் பிரித்துத் தட்டினால் முறம், புனல், சிம்னி விளக்கு. இவற்றைச் செய்து விற்ற தகர வேலைக்காரர்களின் மரச்சுத்தியல் ஒலி கடைத்தெருக்களில் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர்களது கத்தரிக்கோலுக்கு முன் 'குப்பை' என்று ஒன்று இல்லை.

சொல்லும் பொருளோடு வந்து தங்கியது. சங்க இலக்கியத்தில் 'தகரம்' என்பது மணமுள்ள ஒரு மரம். அதன் சாந்து கூந்தலுக்கு மணமூட்டியது. அதே ஒலியுடைய சொல் இன்று உலோகத் தகட்டைக் குறிக்கிறது. 'டின்' ஆங்கிலத்திலிருந்தும் 'டப்பா' வடபுலத்திலிருந்தும் வந்து தமிழ்ப் பேச்சில் கலந்தன. ஈழத்தமிழர் டப்பாவைப் 'பேணி' என்பர். காலியான பால்பேணியே அங்குப் பல வீடுகளில் அரிசி அளக்கும் அளவையாகவும் ஆயிற்று. "எத்தனை பேணி அரிசி போடுவது?" என்று கேட்கும் அடுக்களையில், அந்தப் பேணிக்குள் ஒரு காலத்தில் அடைபட்டிருந்த பாலை எவரும் நினைப்பதில்லை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் உள்ள தகர, அலுமினியக் கலங்களைப் பட்டியலிட்டு, அவை முதலில் எதற்காக வந்தன, இப்போது எதற்குப் பயன்படுகின்றன என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுக.

2. ஒரு காந்தத்தைக் கொண்டு அக்கலங்களைச் சோதித்து, எஃகுத் தகட்டால் ஆனவை எவை, அலுமினியத்தால் ஆனவை எவை எனப் பிரித்தறிக.

3. பிராங்கிளின் பயணக் குழுவினரின் சாவுக்கு ஈயமே காரணம் என்னும் கருத்தை ஏற்றும் மறுத்தும் வகுப்பறையில் உரையாடுக.